அன்ரியல் எஞ்சினுக்கு ஒன்றேகால் லட்சத்தில் கம்ப்யூட்டர்: எதில் முதலில் காசைப் போடுவது?

நிலாமுற்றம் (மேடவாக்கம்)

வணக்கம். பெருங்குடியில் ஒரு கம்பெனியில் சப்போர்ட் வேலை பார்க்கிறேன். இரவிலும் விடுமுறை நாட்களிலும் கேம் டெவலப்மென்ட் கற்றுக்கொள்கிறேன். கோடாட் என்ற கேம் எஞ்சினில் (விளையாட்டு உருவாக்கும் மென்பொருள்) சின்னச் சின்ன 2டி விளையாட்டுகள் செய்து முடித்திருக்கிறேன். இப்போது மனதில் இருப்பது ஒரு 3டி விளையாட்டு. புறநகர் ரயில் நிலையத்தில் கடைசி வண்டியைத் தவறவிட்ட ஒரு பெண் விடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும், அதுதான் கதை. வெளிச்சமும் நிழலும்தான் அதில் பாதி. அதனால் இன்னொரு கேம் எஞ்சினான அன்ரியல் எஞ்சின் 5 என்று முடிவு செய்தேன். மாடல்களை பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் நானே செய்கிறேன்.

கையில் இருக்கும் லேப்டாப் ஐ3, 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. அன்ரியல் திறக்கிறது. ஆனால் நாலு சுவர் வைத்து இரண்டு விளக்கு போட்டாலே ஷேடர் (நிறமும் வெளிச்சமும் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் சின்ன புரோகிராம்) கம்பைல் ஓடிக்கொண்டே இருக்கிறது, மவுஸ்கூட நகர மாட்டேன் என்கிறது.

சேமிப்பு ஒன்றேகால் லட்சம். இழுத்துப் பிடித்தால் 1,35,000 வரை போகலாம். மானிட்டரும் கீபோர்டும் இருக்கின்றன. ஆபீசில் எல்லாரும் ஆர்டிஎக்ஸ் 4050 போட்ட கேமிங் லேப்டாப் வாங்கச் சொல்கிறார்கள். யூடியூபில் ஆளுக்கொரு பட்டியல் தருகிறார்கள், எல்லாமே விளையாடுகிறவர்களுக்கானது, எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) எவ்வளவு என்பதோடு முடிந்துவிடுகிறது. விளையாட்டை உருவாக்குகிறவருக்கு எது முக்கியம்? எதில் முதலில் காசைப் போட வேண்டும்? வாடகை வீடு, தரைத்தளம். அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

கோடுபோடுபவன் (சோழிங்கநல்லூர்)

நல்ல கேள்வி. நான் ஒரு ஸ்டுடியோவில் அன்ரியலில் சி++ எழுதுகிறேன். என் பதில் அந்தப் பக்கத்திலிருந்து வருவது என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

விளையாடுகிறவருடைய கம்ப்யூட்டரில் ஒரு வேலைதான் நடக்கும். முடிந்து பேக்கேஜ் ஆன விளையாட்டு ஒன்று ஓடும், அவ்வளவுதான். நம் கம்ப்யூட்டரில் எடிட்டர் திறந்திருக்கும், அதற்குள்ளேயே விளையாட்டும் ஓடும், பக்கத்தில் பிளெண்டர், விஷுவல் ஸ்டுடியோ, பிரவுசரில் இருபது டேப். அதனால் எஃப்பிஎஸ் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு நாளில் எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். நம் வேலையில் காத்திருப்புதான் செலவு.

முதல் காத்திருப்பு ஷேடர் கம்பைல். ஒரு மெட்டீரியலை (பொருளின் மேற்பரப்பு எப்படித் தெரிய வேண்டும் என்ற அமைப்பு) மாற்றினால் அதன் பல வடிவங்களையும் எஞ்சின் மறுபடி கம்பைல் செய்யும். ஷேடர்கம்பைல்வொர்க்கர் என்ற பெயரில் பிராசஸர் கோர்களுக்குத் தகுந்தபடி பல புராசஸ்கள் ஒரே நேரத்தில் கிளம்பும். கிராபிக்ஸ் கார்டுக்கு இதில் பெரிய பங்கு இல்லை. கோர் கூடினால் நேரம் குறையும். ஆனால் ஒவ்வொரு வொர்க்கரும் தன் பங்குக்கு ரேமை எடுத்துக்கொள்ளும். 8 ஜிபியில் ரேம் தீர்ந்ததும் விண்டோஸ் டிஸ்கில் எழுதத் தொடங்கும். உங்கள் மவுஸ் நிற்பது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது சி++ பில்டு, அதாவது எழுதின கோடை ஓடும் புரோகிராமாக மாற்றுவது. இதற்கும் கோர்தான். இங்கேயும் ஒரு கோப்பைக் கம்பைல் செய்ய ஒன்றிரண்டு ஜிபி ரேம் தேவைப்படலாம். அதனால்தான் அன்ரியலின் பில்டு டூல் ரேம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, ஒரே நேரத்தில் எத்தனை கோப்பு என்பதைக் குறைத்துக்கொள்ளும். 16 கோர் வாங்கி 16 ஜிபி ரேம் போட்டால் பாதி கோர் சும்மா இருக்கும். நீங்கள் புளூபிரிண்ட் (கோடு எழுதாமல் பெட்டிகளை இணைத்தே விளையாட்டை அமைக்கும் முறை) மட்டும் என்றால் இந்தப் பத்தியை விட்டுவிடலாம்.

மூன்றாவது பிராஜெக்ட் திறப்பது, அசெட் (மாடல், படம், ஒலி) இம்போர்ட், குக்கிங் (வெளியிடுவதற்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றுவது). இதற்கு என்விஎம்இ எஸ்எஸ்டி.

எபிக் நிறுவனம் தன் ஆவணத்தில் அன்ரியல் 5க்குப் பரிந்துரைப்பது 32 ஜிபி ரேம், 8 ஜிபி அல்லது அதற்கு மேல் வீரேம் (கிராபிக்ஸ் கார்டுக்குள்ளேயே இருக்கும் மெமரி). அதே பக்கத்தில் தங்கள் ஆட்கள் பயன்படுத்தும் மெஷினையும் போட்டிருக்கிறார்கள்: 32 கோர் த்ரெட்ரிப்பர் பிராசஸர், 128 ஜிபி ரேம், கார்டு மட்டும் 10 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3080. ரேமும் கோரும் அவ்வளவு, கார்டு இவ்வளவு என்ற அந்த விகிதத்தைக் கவனியுங்கள். எஞ்சினையே செய்கிறவர்கள் எதற்கு முதலிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரியும்.

என் வரிசை: ரேம், கோர், எஸ்எஸ்டி, அப்புறம் கார்டு. புளூபிரிண்டா சி++ஆ, சொல்லுங்கள்.

செங்கல்பட்டு_சிற்பி

தங்கச்சி, மேலே தம்பி சொன்னது அவர் வேலைக்கு நூற்றுக்கு நூறு சரி. ஆனால் நீங்கள் சொன்ன விளையாட்டு வேறு. இரவு, ரயில் நிலையம், வெளிச்சம், நிழல். இது என் பக்கம். நான் 3டி சூழல் செய்கிறவள். இங்கே முதலில் முட்டுவது வீரேம்தான்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 4கே டெக்ஸ்சர் (மாடலின் மேல் ஒட்டும் படம்) என்றால் 4096க்கு 4096 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட். அமுக்காமல் வைத்தால் ஒரு படம் 64 எம்பி. எஞ்சினுக்குள் பிசி7 முறையில் அமுக்கினால் புள்ளிக்கு ஒரு பைட், 16 எம்பி. தூரத்துக்கான சின்னப் படிகளையும் சேர்த்தால் 21 எம்பி சொச்சம். ஒரு மெட்டீரியலுக்கு நிறம், நார்மல் (மேடுபள்ளம்), ரஃப்னஸ் (சொரசொரப்பு) வகையறா என்று மூன்று படம். பிளாட்பார்ம் தரை, பெயர்ப்பலகை, சிமெண்டு பெஞ்சு, துருப்பிடித்த கூரை, தண்டவாளம், ஜல்லி, டிக்கெட் கவுண்டர் என்று எண்ணிக்கொண்டே போங்கள். எஞ்சினுக்குள் அது பரவாயில்லை, தேவைக்கு மட்டும் ஏற்றி இறக்கிக்கொள்ளும். இடம் போதாதபோது 'டெக்ஸ்சர் ஸ்ட்ரீமிங் பூல் ஓவர்' என்று திரையில் எழுதிக் காட்டி, படங்களை மங்கலாக்கிவிடும்.

பிளெண்டரின் ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸில் வழக்கமாக அந்தச் சலுகை கிடையாது. 64 எம்பி என்றால் 64 எம்பியும் கார்டில் ஏறும். பிளெண்டரையும் அன்ரியலையும் சேர்த்துத் திறந்து வைத்தால் இரண்டும் அதே வீரேமைப் பங்கு போடும். நிறைந்துவிட்டால் மெயின் ரேமுக்கு வழியும், வேகம் படுத்துவிடும், சில நேரம் புரோகிராமே மூடிக்கொள்ளும். அதற்கு மேல் அன்ரியலின் லூமென் (நிகழ்நேர வெளிச்சம்), நானைட் (நுணுக்கமான மாடல்), விர்ச்சுவல் ஷேடோ மேப் (நிழல்) எல்லாம் தங்களுக்கென்று இடம் பிடித்து வைக்கும்.

ரேமைப் பிறகு கூட்டலாம். வீரேமைக் கூட்ட முடியாது, கார்டையே மாற்ற வேண்டும். 4050 லேப்டாப்பில் இருப்பது 6 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 4060, 4070 லேப்டாப் இரண்டிலும் 8 ஜிபிதான். நம்பர் ஏறுகிறது, வீரேம் ஏறவில்லை. டெஸ்க்டாப்பில் 12 ஜிபி அல்லது 16 ஜிபி கார்டு பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. மூன்றுக்குமே 8 ஜிபி வடிவமும் உண்டு, பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

அடையாறு_ஆலமரம்

லேப்டாப்பை இவ்வளவு சீக்கிரம் ஒதுக்க வேண்டாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் அடிக்கடி வீடு மாறுவார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் வேலை நின்றுவிடும். மீட்டப்பில் நாலு பேரிடம் விளையாட்டைக் காட்ட வேண்டுமென்றால் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கரண்ட் போனால் பேட்டரி இருக்கிறது. எனக்குத் தெரிந்த இண்டி ஆட்கள் பலர் லேப்டாப்பில்தான் விளையாட்டை முடித்து வெளியிட்டிருக்கிறார்கள்.

மேக் மினியையும் பட்டியலில் வையுங்கள். எம்4 மாடலில் தொடக்கமே 16 ஜிபி. சத்தம் இல்லை, சூடு இல்லை. யூனிட்டி, கோடாட், பிளெண்டர் மூன்றும் அதில் நன்றாக ஓடும். ஐபோனுக்கு விளையாட்டு வெளியிட வேண்டுமென்றால் ஆப்பிளின் எக்ஸ்கோடு மென்பொருள் வேண்டும், அதற்கு ஒரு மேக் எப்படியும் தேவை.

கோடுபோடுபவன்

@அடையாறு_ஆலமரம் பயணம் உண்மையான தேவை என்றால் லேப்டாப்தான், அதில் சண்டை இல்லை. ஆனால் இவருடைய எஞ்சின் அன்ரியல். மேக்கில் அது ஓடுகிறது, 5.2லிருந்து ஆப்பிள் சிலிக்கானுக்கே (ஆப்பிளின் சொந்த சிப்) நேரடியாக வருகிறது. இருந்தாலும் புது வசதிகள் முதலில் விண்டோஸில்தான் முழுதாக வேலை செய்யும். வாங்கும்போது எவ்வளவு ரேமோ கடைசிவரை அதேதான்.

லேப்டாப்பில் இன்னொன்று. 4060 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் அதற்கு எத்தனை வாட் கொடுக்கிறார்கள் என்பது மாடலுக்கு மாடல் மாறும். அந்த ஒரே சிப்புக்கு என்விடியா கொடுத்திருக்கும் வரம்பு 35லிருந்து 115 வாட் வரை. மெல்லிய லேப்டாப்பில் இருக்கும் 4060ம் தடியான லேப்டாப்பில் இருக்கும் 4060ம் ஒன்றல்ல. கடைக்காரரிடம் டிஜிபி (கார்டு இழுக்கக்கூடிய மின்சாரம்) எத்தனை வாட் என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் அந்த மாடலின் ஸ்பெக் பக்கத்தை அங்கேயே எடுத்துப் பாருங்கள்.

மவுண்ட்ரோடு_மெக்கானிக்

அம்மா, வாடகை வீடு, தரைத்தளம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நான் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் பல வருஷமாக அசெம்பிள் வேலை செய்கிறவன். எந்தக் கார்டு உயர்ந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. வாங்கின பொருள் அஞ்சு வருஷம் ஓட வேண்டும், அதற்கு வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை. பட்ஜெட் இடித்தால் எல்லாரும் கை வைக்கிற இடம் இதுதான், கை வைக்கக் கூடாத இடமும் இதுதான். கேபினட்டோடு இலவசமாகக் கிடைப்பதைத் தொடாதீர்கள். 80 பிளஸ் பிரான்ஸ் தரச் சான்று அல்லது அதற்கு மேல், 550லிருந்து 650 வாட், நல்ல கம்பெனி. 5060 டிஐ 180 வாட் கார்டு. 65 வாட் பிராசஸரும் மற்றதும் சேர்ந்தால் முழு வேலையில் 300 வாட்டை ஒட்டி வரும். 650 போட்டால் நிம்மதி.

அடுத்தது யுபிஎஸ். நம் ஊரில் மே மாசக் கோடையில் லோடு தாங்காமல் கரண்ட் போகும், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையில் போகும். பில்டு ஓடும்போது போனால் பிராஜெக்ட் கோப்பு கெட வாய்ப்பு உண்டு. கடையில் சாதாரணமாகத் தருகிற 600 விஏ யுபிஎஸ் 360 வாட்தான் தாங்கும். ரெண்டர் ஓடும் நேரம் பார்த்துக் கரண்ட் போனால் அது விளிம்பில் நிற்கும். 1000 அல்லது 1100 விஏ வாங்குங்கள். முடிந்தால் பியூர் சைன்வேவ். இப்போது வரும் எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற மின்சுற்று இருக்கிறது, மலிவான யுபிஎஸ் தருகிற அலையோடு சிலது ஒத்துப்போகாது, யுபிஎஸ்ஸுக்கு மாறும் நொடியில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். வீட்டில் எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். கேபினட்டைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்றால் எர்த் இல்லை என்று அர்த்தம்.

மேடவாக்கம் தரைத்தளம் என்கிறீர்கள். பள்ளிக்கரணை சதுப்பு பக்கத்திலேயே இருக்கிறது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அந்தப் பக்கம் எவ்வளவு வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று உங்களுக்கே தெரியும். கேபினட்டைத் தரையில் வைக்காதீர்கள். மேஜை மேலேயே வையுங்கள். ரெட் அலர்ட் என்றால் வயரைக் கழற்றி லாஃப்டில் ஏற்றுங்கள். பிராஜெக்டை வெளியே எங்காவது ஒரு கிட் சர்வரிலும் (கோப்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிப்பது), ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கிலும் வைத்திருங்கள். கம்ப்யூட்டர் போனால் வாங்கிக்கொள்ளலாம்.

சூடு இன்னொரு சங்கதி. பிராசஸரும் கார்டும் இழுக்கிற 300 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் இறங்கும். கத்திரி வெயிலில் ஏசி இல்லாத பத்துக்குப் பத்து அறையில் அது சின்ன விஷயம் இல்லை. முன்பக்கம் கண்ணாடி போட்ட கேபினட் பார்க்க அழகாக இருக்கும், காற்று போகாது. வலை போட்ட முன்பக்கம், உள்ளே இழுக்க இரண்டு ஃபேன், வெளியே தள்ள ஒன்று. லேப்டாப்பில் இந்த வசதியே கிடையாது, மூன்று மணி நேரம் ரெண்டர் ஓட்டினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடலோர வீடுகளில் உப்புக்காற்று வேறு. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கத்திலிருந்து வரும் போர்டுகளில் துரு பார்த்திருக்கிறேன். மேடவாக்கத்துக்கு அந்தக் கவலை குறைவு.

வாங்கும்போது: அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள், பெரும்பாலான கடை மூடியிருக்கும். குறைந்தது மூன்று கடையில் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். ஜிஎஸ்டி பில், பில்லில் ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பர், இரண்டும் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வாரண்டி அங்கேயே போயிற்று. பிராசஸர் பாக்ஸில் வருகிறதா ட்ரேயா (பெட்டி இல்லாமல் தனியாக) என்று கேளுங்கள், ட்ரேயில் வருவதற்கு வாரண்டி வேறு மாதிரி இருக்கும். செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கினால் கடையிலேயே மாட்டி அரை மணி நேரம் முழு லோடில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கிரிப்டோ மைனிங்கில் இரவும் பகலும் உழைத்த கார்டுகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

கோடம்பாக்கம்_கோடாட்

நான் கேட்க நினைப்பது வேறு. இந்த விளையாட்டை யார் விளையாடப்போகிறார்கள்? நம் ஊர்ப் பிள்ளைகள் பலரிடம் இருப்பது உங்கள் பழைய லேப்டாப் மாதிரி ஒன்றுதான், இல்லாவிட்டால் ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன். லூமென் வெளிச்சத்தை நம்பிக் கட்டின விளையாட்டு அவர்களிடம் ஓடாது. கோடாட் 4 2023இலேயே வந்துவிட்டது. அதில் ஃபார்வர்டு+ என்ற ரெண்டரரில் நிகழ்நேர வெளிச்சம் நன்றாகவே வருகிறது. கம்பாட்டிபிலிட்டி ரெண்டரர் பழைய ஓபன்ஜிஎல் மெஷினிலும் ஓடுகிறது. நிலையம் அசையாதது, விளக்குகளும் பெரும்பாலும் அசையாதவை. லைட்மேப் பேக் (bake) செய்தால், அதாவது வெளிச்சத்தை முன்கூட்டியே கணக்கிட்டுப் பதிந்து வைத்தால், அந்த இரவு வெளிச்சம் முழுவதும் படமாகவே வந்துவிடும். 60 ஆயிரத்தில் ஒரு மெஷின் போதும், மீதியை ஒலி செய்கிறவருக்குக் கொடுங்கள். இரவு ரயில் நிலையத்துக்கு ஒலி பாதி உயிர்.

எது எடுத்தாலும் பழைய லேப்டாப்பை விற்காதீர்கள். வாரம் ஒருமுறை பில்டை அதில் ஓட்டிப் பாருங்கள்.

செங்கல்பட்டு_சிற்பி

கோடம்பாக்கம்_கோடாட் சொன்ன கடைசி வரியை எல்லாரும் எழுதி வைத்துக்கொள்ளலாம். பெரிய கார்டில் வேலை செய்தால் எல்லாமே வழுக்கிக்கொண்டு ஓடும், எங்கே கனம் கூடிவிட்டது என்று கண்ணுக்குத் தெரியாது. லைட் பேக் செய்வதையும் ஒத்துக்கொள்கிறேன், அன்ரியலிலும் அது உண்டு. ஆனால் கட்டும்போதே விளக்கை நகர்த்தி உடனே பார்க்க முடிவது வேறு அனுபவம். வெளிச்சத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிற வேலை அது, பேக் முடிய ஒவ்வொரு தடவையும் காத்திருந்தால் கை தயங்கிவிடும்.

நிலாமுற்றம் (மேடவாக்கம்)

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. கேட்டதற்குப் பதில்: புளூபிரிண்ட் மட்டும்தான். சி++ பிறகு கற்றுக்கொள்ள ஆசை. வெளியிடப்போவது விண்டோஸுக்கு. ஊருக்குப் போவது வருஷத்தில் ஓரிரு முறை, அப்போது வேலை வேண்டாம். அதனால் லேப்டாப்பை விட்டுவிடுகிறேன்.

கோடுபோடுபவன் சொன்னபடி எதற்காகக் காத்திருக்கிறேன் என்று பார்க்க டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்து பார்த்தேன். என் லேப்டாப்பில் ஷேடர் கம்பைல் ஓடும்போது கமிட் கணக்கு (எல்லாப் புரோகிராமும் சேர்ந்து கேட்கும் மெமரி) 17 ஜிபியைத் தாண்டுகிறது, இருக்கும் ரேம் 8. டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, பிராசஸர் 40 சதவீதத்தில்தான் இருக்கிறது. சிக்கல் பிராசஸரில் இல்லை.

அப்புறம் குரோம்பேட்டையில் ஒரு தோழியிடம் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி இருக்கிறது. என் பிராஜெக்டை அங்கே கொண்டுபோய், பிளெண்டரையும் சேர்த்துத் திறந்தேன். இன்னும் பாதிக்கூட முடியாத நிலையத்துக்கே வீரேம் 7 ஜிபியைத் தொட்டுவிட்டது. ரேம் கமிட் 22 ஜிபி.

ஆகவே 32 ஜிபி ரேம் கட்டாயம், 8 ஜிபி கார்டு வேண்டாம் என்று எனக்கே தெரிகிறது. மீதிக் கேள்விகள்: ஏஎம்டி கார்டு எடுக்கலாமா? இன்டெல்லா ரைசனா? ரேம் விலை ஏன் இப்படி ஏறிக் கிடக்கிறது, காத்திருந்தால் இறங்குமா?

கோடுபோடுபவன்

இப்படி அளந்து பார்த்த பிறகு பாதிக் கேள்வி தானாகவே தீர்ந்துவிடும்.

ரேம்: 2025 கடைசியிலிருந்து ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் போய்க்கொண்டிருக்கிறது, தயாரிப்பாளர்களும் அந்தப் பக்கமே திரும்பிவிட்டார்கள். மைக்ரான் அந்த டிசம்பரில் தன் குரூசியல் பிராண்டில் நமக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. இறங்கும் என்று காத்திருக்கச் சொல்ல மாட்டேன், காத்திருக்கும் மாதங்களில் உங்கள் வேலை நிற்கும். 16 ஜிபி இரண்டு குச்சியாக வாங்குங்கள், ஒரே 32 ஜிபி குச்சி வேண்டாம், இரட்டைச் சேனல் கிடைக்காது. டிடிஆர்5இல் நாலு குச்சி போட்டால் வேகம் இறங்கும். அதனால் 64க்குப் போகும்போது மேலும் இரண்டைச் சொருகாமல், இவற்றை விற்றுவிட்டு 32 ஜிபி இரண்டு குச்சியாக மாற்றிக்கொள்ளுங்கள்.

பிராசஸர்: ரைசன் 5 7600, 6 கோர். சி++ எழுதினால் 8 கோருக்குக் குறையாதீர்கள் என்பேன். புளூபிரிண்டுக்கு இது போதும். இது பொருந்தும் ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையும் அதற்குப் பிறகும் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது, பின்னால் மதர்போர்டை மாற்றாமல் பெரிய பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இன்டெல் கெட்டதில்லை. ஆனால் 13, 14ஆம் தலைமுறையில் ஐ9 போன்ற உயர்ரகங்களில் மின்னழுத்தச் சிக்கல் வந்தது. அதன் அறிகுறியே அன்ரியல் விளையாட்டுகளில் ஷேடர் தயாராகும்போது 'வீடியோ மெமரி போதவில்லை' என்ற பொய்யான எரர்தான். பிழை பிராசஸரில், செய்தி கார்டைப் பற்றி. 2024இல் மைக்ரோகோடு திருத்தம் கொடுத்து, வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டினார்கள். அந்தத் தலைமுறை பிராசஸரை எடுத்தால் பயாஸை முதலில் அப்டேட் செய்யுங்கள். செகண்ட் ஹேண்டில் எடுக்கவே எடுக்காதீர்கள்.

செங்கல்பட்டு_சிற்பி

ஏஎம்டி கார்டு அன்ரியலுக்கு நன்றாகவே போகும், அதே விலைக்கு வீரேம் கூடுதலாகக் கிடைக்கும். பிளெண்டரில்தான் யோசிக்க வேண்டும். சைக்கிள்ஸ் ஏஎம்டியில் ஹிப் வழியாக ஓடுகிறது, என்விடியாவில் ஆப்டிக்ஸ் வழியாக (இரண்டும் கார்டின் திறனைப் பயன்படுத்த உதவும் மென்பொருள்). இரண்டாவது வேகம் அதிகம், பிரச்சினையும் குறைவு. டெக்ஸ்சர் வேலைக்கான மற்ற சாஃப்ட்வேர்களும் பல இடங்களில் என்விடியாவை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கின்றன. நீங்களே மாடல் செய்வதால் என் ஓட்டு 5060 டிஐ 16 ஜிபிக்கு. பட்ஜெட் இடித்தால் 3060 12 ஜிபி, பழையதுதான், ஆனால் அந்த 12 ஜிபிக்காக இன்னும் மதிப்பு இருக்கிறது. 8 ஜிபி 5060ஐ விட அதைத்தான் எடுப்பேன்.

கோடுபோடுபவன்

வேகத்தில் 5060 அதைவிட மேல், அக்கா. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 4 ஃபிரேம் ஜெனரேஷனும் (இடையிடையே ஃபிரேம்களைத் தானே உருவாக்கிச் சேர்ப்பது) 3060இல் வராது.

செங்கல்பட்டு_சிற்பி

வேகமாக ஓடி 8 ஜிபியில் போய் முட்டினால் என்ன செய்வது தம்பி? பாதி நிலையத்துக்கே 7 ஜிபி என்று அவர் எழுதியிருக்கிறார். ஃபிரேம் ஜெனரேஷன் விளையாடுகிறவருக்கு. எடிட்டரில் விளக்கை நகர்த்தும்போது அது எனக்கு ஒன்றும் செய்யாது.

மவுண்ட்ரோடு_மெக்கானிக்

எஸ்எஸ்டி விஷயத்தில் ஒரு வார்த்தை. 1 டிபிக்குக் குறைய வேண்டாம். பிசிஐஇ ஜென் 4 போதும், ஜென் 5க்குக் கூடுதல் காசு தராதீர்கள். ரொம்ப மலிவான க்யூஎல்சி வகை மெமரி டிரைவ் முக்கால்வாசி நிறைந்ததும் எழுதும் வேகம் ஹார்டு டிஸ்க் அளவுக்கு இறங்கிவிடும். டிஎல்சி வகையா என்று கேட்டு வாங்குங்கள். மதர்போர்டில் இரண்டு எம்.2 ஸ்லாட் இருக்கட்டும்.

பட்ஜெட் தாண்டினால் குறைக்கிற வரிசை: முதலில் கலர் லைட், அப்புறம் கேபினட் அழகு, அப்புறம் மதர்போர்டில் வைஃபை. எஸ்எம்பிஎஸ்ஸைக் குறைக்காதீர்கள். யுபிஎஸ்ஸை அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்கினாலும் சரி, மழைக்கு முன்னால் வாங்கிவிடுங்கள். உங்கள் வீட்டில் ஓனர் சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 300 வாட் எட்டு மணி நேரம் ஓடினால் 2.4 யூனிட். அரசு தருகிற இலவச யூனிட் சலுகை உங்கள் வீட்டுக்கென்று தனி இணைப்பு இருந்தால்தான் கணக்குக்கு வரும்.

நிலாமுற்றம் (மேடவாக்கம்)

வாங்கிவிட்டேன். ரைசன் 5 7600, 16 ஜிபி இரண்டு குச்சி, 5060 டிஐ 16 ஜிபி, 1 டிபி டிஎல்சி டிரைவ், 650 வாட் எஸ்எம்பிஎஸ், வலை முன்பக்கக் கேபினட். ஒன்றேகால் லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியது, 1,35,000க்குள் நின்றது. சீரியல் நம்பரெல்லாம் பில்லில் இருக்கிறது. கடைக்காரர் முதலில் 8 ஜிபி கார்டைத்தான் எடுத்து வைத்தார், பெட்டியைத் திருப்பிப் பார்த்ததால் தெரிந்தது. நன்றி அக்கா. யுபிஎஸ் அடுத்த மாதம்.

ஷேடர் கம்பைல் ஓடும்போது இப்போது பிராசஸர் 100 சதவீதத்தில் நிற்கிறது, மவுஸ் நகர்கிறது! இரவு முழுக்க பிளாட்பார்ம் விளக்குகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. பிராஜெக்ட் திறக்கும்போதும் பில்டின்போதும் விண்டோஸின் ஆன்டிவைரஸ் நிறைய பிராசஸரை எடுத்துக்கொள்கிறது. அணைத்துவிடலாமா? சி டிரைவும் வேகமாக நிறைகிறது.

கோடுபோடுபவன்

வாழ்த்துகள். அணைக்க வேண்டாம். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் வழியாக டெவ் டிரைவ் என்று ஒரு பகுதி உருவாக்கி பிராஜெக்டை அதில் வையுங்கள். அங்கே டிஃபெண்டர் (விண்டோஸின் ஆன்டிவைரஸ்) கோப்பைத் திறக்கும்போது நிறுத்தி வைக்காமல் பிறகு சரிபார்க்கும். எல்லாவற்றையும் அணைப்பதைவிட இது பாதுகாப்பானது.

சி டிரைவ் நிறைவது பெரும்பாலும் டிரைவ்டு டேட்டா கேஷ். ஒருமுறை கம்பைல் ஆன ஷேடரையும் தயார் செய்த அசெட்டையும் அதில் சேமித்து வைக்கும். அழித்தால் எல்லாம் மறுபடி கம்பைல் ஆகும், அதனால் அழிக்காமல் எடிட்டர் பிரிஃபரன்ஸில் அதன் பாதையை டெவ் டிரைவுக்கு மாற்றுங்கள். எபிக் லாஞ்சரில் எஞ்சினின் ஆப்ஷன்ஸ் பக்கத்துக்குப் போய், டீபக்கிங் சிம்பல்ஸ் (பிழை தேட உதவும் கோப்புகள்) டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். புளூபிரிண்டுக்கு அது வேண்டாம், பல ஜிபி திரும்பக் கிடைக்கும். ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் பகுதிகளையும் சேர்த்து எடுத்துவிடலாம்.

செங்கல்பட்டு_சிற்பி

பிளாட்பார்ம் விளக்குக்கு ஒன்று: பழைய சோடியம் விளக்கு வேண்டுமென்றால் நிறவெப்பத்தை 2000 கெல்வின் பக்கத்தில் வையுங்கள், இப்போதுள்ள எல்இடிக்கு 5000க்கு மேல். நிழல் விழும் விளக்குகள் ஒன்றின் மேல் ஒன்று நிறைய விழாதபடி ஒவ்வொன்றின் அட்டனுவேஷன் ரேடியஸையும் (வெளிச்சம் எட்டும் தூரம்) குறைத்து வையுங்கள், எவ்வளவு பெரிய கார்டும் அங்கேதான் மூச்சு வாங்கும். ஒரு ஸ்கிரீன்ஷாட் போடுங்கள், பார்க்கலாம்.